கோட்டை வாசலுக்குப் பாடு வைத்த கதை

வியாபாரம் தொடங்க முதல் வேண்டும் என்று சொல்பவர்கள் எல்லோருமே ஏற்கெனவே முதல் வைத்திருப்பவர்கள். எங்களிடம் அது இல்லை. ஐப்பசிப் புயலில் எங்கள் வலை கம்பும் கயிறுமாக ஏரியின் முகத்துவாரம் வழியே கடலுக்குப் போய்விட்டது. எங்களைக் கேட்டுக்கொண்டா போனது?

பழவேற்காட்டில் வலை இல்லாத வீடு என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாள் இன்னார்தான் வலை போடலாம் என்று முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். வருஷா வருஷம் பங்குனியில் ஊர் கூடி, வீட்டுக்கு ஒரு ஓலை நறுக்கில் பெயர் எழுதிப் பானையில் போட்டுக் குலுக்கிப் பாடு பிரிப்பார்கள். வலையைக் கொண்டுவந்து மணலில் விரித்துக் காட்டினால்தான் பெயர் பானைக்குள் போகும். இரவல் வலை செல்லாது, விலைக்கு வாங்கிய வலையும் செல்லாது. நூலை வாங்கிக்கொள்ளலாம்; முடிச்சு மட்டும் ஊர்க்காரர் கையால்தான் விழ வேண்டும். வெளியாள் கைபட்ட வலையை உள்ளே விட்டால் நாளைக்கு ஏரியே வெளியாளுக்குப் போய்விடும் என்று ஊருக்குப் பயம். பானையில் பெயர் விழாத வீட்டார் அடுத்தவர் வலையைக் கூலிக்கு இழுத்துக் காலம் தள்ள வேண்டியதுதான்.

ஆகவே பங்குனிக்குள் எங்களுக்கு ஒரு வலை வேண்டும், அதற்கு நூல் வேண்டும். ஊரில் துட்டு புழங்கிய ஒரே இடம் ஒல்லாந்துக்காரர்களின் கோட்டை. என் வீட்டுக்காரர் மாரியும் நானும் வெறுங்கையோடு அந்தக் கோட்டை வாசலில் தொழில் தொடங்கினோம். முதன்முதலாகக் கடை விரித்து முழி பிதுங்கி நிற்கும் எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்கள் தனியாள் இல்லை.

தோள் இருந்தால் போதும்

கப்பல் ஏரிக்குள் வராது. கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், ஆட்களைப் படகில் ஏற்றி அனுப்புவார்கள். அந்தப் படகும் கரை வரைக்கும் வராது. நடுவில் ஒரு கூப்பிடு தூரம் சேறு. பட்டுக் காலுறை போட்ட துரைமார் சேற்றில் கால் வைப்பார்களா? மாரிக்கு யோசனை உதித்தது அங்கேதான். ஆளைத் தோளில் தூக்கிச் சேற்றைக் கடந்து கரையில் இறக்கிவிட்டால் தலைக்கு ஒரு துட்டு. போட்ட முதல், ஒரு ஜோடித் தோள். தொழில் நன்றாகத்தான் போயிற்று. மாசக்கணக்காகக் கப்பலில் அரைவயிறு சாப்பிட்டு வருகிற துரைமார் கோழிக் கனம்கூட இல்லை. மாரி பாடிக்கொண்டே தூக்கினார்.

பிறகு ஒரு நாள் கோட்டைத் துபாஷி வந்தார். துரைமார் பேச்சை நமக்கும் நம் பேச்சைத் துரைமாருக்கும் மாற்றிச் சொல்கிற பெரிய மனிதர். கப்பலில் சரக்குப் பார்க்கப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார். அவர் அரைவயிறு சாப்பிட்டவர் இல்லை. பாதிச் சேற்றில் மாரியின் கால் முழங்கால் வரை இறங்கியது. எடுக்கப் பார்த்தார், தொடை வரை இறங்கியது. ஏரித் தண்ணீர் வேறு ஏறத் தொடங்கியது. "அய்யா, செத்த எறங்கி நில்லுங்கோ, அந்தாளு முழுவறாரு" என்று நான் கரையிலிருந்து கத்தினேன். துபாஷி தம் புது வேட்டியைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார், சரிகைத் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். பிறகு தமக்குக் கீழே இடுப்புவரை சேற்றில் புதைந்து நெளிந்துகொண்டிருந்த மாரியிடம் ரொம்பப் பரிவோடு சொன்னார்: "நீ போய் இரண்டு ஆளைக் கூட்டிக்கொண்டு வா. அதுவரைக்கும் நான் இங்கேயே இருக்கிறேன்."

தண்ணீரை யார் வேண்டாம் என்பார்கள்?

கயிறு கட்டி இருவரையும் இழுத்தெடுத்தோம். துபாஷியின் வேட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மாரியின் வலது தோள் பிசகிவிட்டது. வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, வெயில் காலம் வரும்வரை அந்தக் கையை அசைக்கக் கூடாது என்றார். வலை பின்னுகிற கை அது. அன்று ராத்திரி எனக்கு வந்த கோபத்துக்குத் துபாஷி மட்டும் கையில் கிடைத்திருந்தால் மறுபடி சேற்றில் நட்டிருப்பேன். என்ன செய்வது, இனி சம்பாதிப்பதும் நான்தான், முடிச்சுப் போடுவதும் நான்தான் என்று ஆயிற்று.

யோசித்துப் பார்த்தேன். ஏரித் தண்ணீர் உப்பு. கோட்டைக் கிணறும் உப்பு. ஆனால் மணல்மேட்டில் இடம் பார்த்துக் கையால் தோண்டினால் இளநீர் மாதிரி ஊற்று வரும். அந்த இடங்கள் எங்கள் பெண்களுக்கு அத்துப்படி. கோட்டைக்குள் இருப்பதோ தாகம் எடுத்த ஆண்பிள்ளைகள். இதைவிட நல்ல தொழில் உண்டா? பானைகளை நிரப்பி வாசலில் வரிசையாக வைத்து உட்கார்ந்தேன்.

முதலில் வந்தவர் நண்டு துரை. கோட்டை மடைப்பள்ளிக்குப் பெரிய சமையல்காரர். அசல் பெயர் எங்கள் வாயில் நுழையாது. முகம் வெந்த நண்டின் நிறம் என்பதால் ஊர் வைத்த பெயர் இது. வருஷக்கணக்காக மீன் விற்கும் பெண்களோடு பேரம் பேசியே தமிழ் கற்றவர். ஆகவே அவருக்குத் தெரிந்த தமிழெல்லாம் மீன்காரிகள் தமிழ்தான். ஆண் பெண் பார்க்காமல் எல்லோரையும் 'டி' போட்டுத்தான் பேசுவார், துபாஷி உட்பட. அவர் என் பானைக்குள் எட்டிப் பார்த்தார். மீன் இருக்கிறதா என்று கைவிட்டுத் துழாவினார். வெறும் தண்ணீர்தான், குடிப்பதற்கு என்று சொன்னேன். என்னை ரொம்பப் பாவமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி கப்பலு வுடறதுக்குடி. குடிக்கறதுக்கு சாராயம் கீது."

குழம்பு இலவசம்

சாயங்காலம் வரை ஒரு பானையும் விற்கவில்லை. திரும்பிச் சுமந்துகொண்டு போனால் கழுத்து ஒடிந்துவிடும். வீட்டில் சோற்றுக்கு நண்டுதான் இருந்தது. சேற்றோரம் கையால் நண்டு பிடிக்கப் பாடு கிடையாது, எந்தப் பெண்ணும் பிடிக்கலாம். மறுநாள் ஒரு சட்டி நண்டு குழம்பு வைத்தேன். கோபத்தில் வைத்த குழம்பு என்பதால் மிளகாய் கொஞ்சம் தாராளமாக விழுந்துவிட்டது. அந்த மிளகாயும் கப்பலில் வந்ததுதான், அவர்கள் சரக்கை அவர்களுக்கே திருப்பிக் கொடுக்கிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாசலில் சட்டியை வைத்து, "துட்டு வேணாம், சும்மா துன்னு பாருங்கோ" என்று வெள்ளைச் சிப்பாய்களைக் கூப்பிட்டேன்.

இலவசம் என்றால் எல்லா ஊர் ஆண்பிள்ளைகளும் ஒன்றுதான். சூழ்ந்துகொண்டார்கள். முதல் கவளத்தில் சிரித்தார்கள். இரண்டாவது கவளத்தில் பேச்சு நின்றது. பிறகு கண்ணிலும் மூக்கிலும் கொட்டத் தொடங்கியது. ஒருவன் எரிச்சல் தணியட்டும் என்று இடுப்பிலிருந்த சாராயத்தை ஊற்றிக்கொண்டான். அவன் குதித்த குதியில் காவல்காரன் ஈட்டியை நீட்டிவிட்டான். நான் அமைதியாகத் தண்ணீர்ப் பானையின் மூடியைத் திறந்து, "கொவளைக்கு ஒரு துட்டு" என்றேன். பானைகள் எல்லாம் காலி. மறுநாளும் வந்தார்கள், அழுதுகொண்டே தின்றார்கள், அழுதுகொண்டே குடித்தார்கள். மடைப்பள்ளிச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நண்டு துரை இறங்கி வந்து, இடுப்பில் கை வைத்து நின்று சொன்னார்: "அடிப்பாவி, கொழம்ப வெச்சித் தண்ணி விக்கிறியே!"

நண்டு துரை யார் பாடு?

ஒரு தொழில் ஓடுகிறது என்பதற்கு அடையாளம் என்ன தெரியுமா? எதிரே அதே கடை முளைக்கும். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலிருந்து சின்னப்பொண்ணு வந்தாள். அதே நண்டு, அதே தண்ணீர், குரல் மட்டும் என்னைவிடப் பெரிசு. அவள் பின்னால் இன்னும் சில பெண்கள். அதற்குள் குழம்புக்கும் துட்டு வாங்க ஆரம்பித்திருந்தோம். சின்னப்பொண்ணும் நானும் அகப்பைச் சண்டை வரைக்கும் போனோம். அவள் என் சட்டியைக் கவிழ்த்தாள், நான் அவள் பானையை உடைத்தேன். இன்னொரு தடவை சத்தம் கேட்டால் ஒருத்தியும் வாசல் பக்கம் வரக் கூடாது என்று துபாஷி வந்து கத்திவிட்டுப் போனார்.

அப்புறம்தான் எல்லோரும் சுவரோரம் உட்கார்ந்து பேசினோம். சண்டையைத் தீர்க்க எங்களுக்குத் தெரிந்தது ஒரே வழி. வாசலுக்கும் பாடு வைத்தோம். ஆனால் பாருங்கள், பாடு என்று ஆரம்பித்தால் எங்களால் இடத்தோடு நிறுத்த முடியாது. மடைப்பள்ளி ஒரு பாடு, காவல் சிப்பாய்கள் ஒரு பாடு, கணக்கெழுதுகிறவர்கள் ஒரு பாடு என்று வாங்குகிற ஆட்களையும் நாளுக்கு ஒருத்தி முறை என்று பிரித்துவிட்டோம். சிப்பாய்களுக்கு யாரிடம் தின்றாலும் அழுகைதான், அவர்கள் கண்டுகொள்ளவில்லை. நண்டு துரைக்குத்தான் நாக்கு நீளம். மடைப்பள்ளி சின்னப்பொண்ணு முறையில் இருந்த ஒரு நாள், துட்டைக் கையில் வைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். நான் சட்டியை மூடிவிட்டேன்.

"இன்னிக்கு நீங்கோ சின்னப்பொண்ணு பாடு தொரே."

"அவ கொழம்புல புளிடி! பல்லு கூசுது."

"ஏரியில மட்டும் நமக்குப் புடிச்ச எடமாவா கெடைக்குது? போங்கோ."

அவர் துட்டை இரண்டு மடங்காக்கினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? நூல் கடைக்காரர் முகம் கண் முன்னால் வந்துதான் போயிற்று. ஆனால் அடுத்தவள் பாட்டில் கை வைத்தால் ஊரில் முகம் காட்ட முடியாது. எதிர்ப்பக்கம் சின்னப்பொண்ணு, "இன்னா தொரே, அங்க இன்னா வேல? வாங்கோ இங்க" என்று அகப்பையை ஆட்டினாள். நண்டு துரை நடுவில் நின்று அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் இன்னும் சிவந்தது. "நான் இன்னா மீனாடி? மொற வெச்சிப் புடிக்கறீங்கோ!"

முதல் உள்ளவர் தொடங்கிய கடை

தையில் பாதி வலைக்கு நூல் சேர்ந்தது. மாசியில் இடி விழுந்தது. கோட்டை வாசலில் சமைத்த பண்டம் விற்கும் உரிமையைத் துபாஷி தம் மச்சானுக்குக் குத்தகையாக வாங்கிக் கொடுத்துவிட்டார். மச்சானுக்கு ஊர் திருப்பாலைவனம், நஞ்சை நிலமெல்லாம் உள்ளவர். அவர் வந்த அன்று எங்களைச் சட்டியோடு கிளப்பிவிட்டார்கள். எங்களிடம் இல்லாத எல்லாம் அவரிடம் இருந்தது. பந்தல் போட்டார், பித்தளை அண்டா இறக்கினார், சமையலுக்கு ஆள் வைத்தார். வீட்டில் பாதி வலையைப் பார்த்துக்கொண்டு மாரியும் நானும் உட்கார்ந்திருந்தோம்.

அண்டா கொதித்த பிறகுதான் மச்சான் நண்டைத் தேடினார். சேற்றில் இறங்கிப் பிடிக்க அவர் ஆட்களுக்குத் தெரியாது. எங்கள் தெருவுக்கு வந்து விலைக்குக் கேட்டார். சின்னப்பொண்ணு ஒரு கூடை நண்டை அவர் எதிரிலேயே கழுவிக்கொண்டு, "ஒங்க பேரு எந்தப் பாடுல வருது?" என்று கேட்டாள். அவர் முழித்தார். அடுத்த வீட்டில் கேட்டார், அங்கேயும் அதே கேள்வி. மீனுக்கும் அதே கேள்வி, இறாலுக்கும் அதே கேள்வி. கடைசியில் அண்டா நிறையச் சுண்டல் அவித்தார். சிப்பாய்கள் ஒரு வாய் போட்டுப் பார்த்தார்கள். அழுகை வரவில்லை என்று போய்விட்டார்கள். சில நாள் பந்தல் நிழலில் தாமே சுண்டல் தின்றபடி உட்கார்ந்திருந்தவர், ஒரு நாள் அண்டாவை வண்டியில் ஏற்றினார். கெட்ட மனிதர் இல்லை. போகும்போது எங்களிடம் வந்து விசனத்தோடு சொல்லிவிட்டுத்தான் போனார்: "வாசல் என்னுதுதாம்மா. உள்ள இருக்கற மீன் யாருதுன்னு துபாஷி மச்சான் சொல்லவே இல்லியே."

நைனா கற்றுக்கொடுத்த முடிச்சு

வாசல் திரும்பக் கிடைத்தது, மிச்ச நூலும் வந்தது. நாள்தான் இல்லை. பங்குனி பக்கத்தில் வந்துவிட்டது. நான் போடுகிற முடிச்சோ, மீனுக்கு வாசல் வைத்துவிட்ட மாதிரி இருந்தது. மாரி கட்டுப்போட்ட கையோடு பக்கத்தில் உட்கார்ந்து, "இறுக்கு, இறுக்கு" என்று சொல்லிச் சொல்லி அவர் தொண்டைதான் இறுகியது. கவிழ்த்துப் போட்டிருந்த படகின் மேல் நண்டு துரை உட்கார்ந்திருந்தார். சின்னப்பொண்ணு பாடு வருகிற நாளெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து அவள் புளியைப் பற்றி முறையிடுவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. என் முடிச்சைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. "குட்றீ இத" என்று வலை ஊசியைப் பிடுங்கிக்கொண்டார்.

வாழைப்பூ மாதிரி விரல்கள். அவை ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாரி எழுந்து கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். எங்கள் முடிச்சுதான். அதே சுற்று, அதே இழுப்பு. எந்தச் சீமையிலோ பிறந்தவர் கையில் எங்கள் ஏரி முடிச்சு எப்படி வந்தது? "எங்க நைனா வலக்காருடி. ஆறு வயசுல கத்துக்குடுத்தாரு. குளுருல வெரலு வெறச்சிப் பூடும், வுட மாட்டாரு" என்றார். அதற்கப்புறம் தினமும் வந்து பின்னினார். வெளியாள் கை படக் கூடாது என்ற சட்டம் எனக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் எங்களுக்கு வெளியாள் என்றால் பக்கத்திலிருக்கும் காட்டூர்க்காரன், திருப்பாலைவனத்துக்காரன். கடல் தாண்டி வந்தவனை அந்தக் கணக்கில் வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. கடைசி முடிச்சுப் போட்ட அன்று, நைனாவை விட்டுவிட்டு ஏன் கப்பல் ஏறினீர்கள் என்று கேட்டேன். அவர் தம் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டு சொன்னார்: "மீனு நாத்தம் தாங்காமதாண்டி ஓடியாந்தேன். எங்க வந்து எறங்கனேன் பாரு!"

பானைக்குள் பெயர்

ஊர் கூடியது. பானை நடுவில். எங்கள் வலையை மணலில் விரித்தோம். பாடு பிரிக்கும் ஊர்ப் பெரியதனக்காரர் குனிந்து முடிச்சுகளை விரலால் தடவிக்கொண்டே நடந்தார். என் முடிச்சுகளைத் தடவும்போது முகம் சுளித்தார், போகட்டும் என்று விட்டார். பாதி வலையில் நின்றுவிட்டார். மறுபடி தடவினார்.

"மாரிக்குக் கை கட்டுல கீது. நீ இவ்ளோ நல்லா போட மாட்ட. இது யாரு போட்ட முடிச்சு அஞ்சல?"

எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. நண்டு துரை என்றேன். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "வெளியாளு கை பட்டுடிச்சே" என்று ஒருவர் சொன்னார். பெரியதனக்காரர் கையில் எங்கள் ஓலை நறுக்கு. அது பானைப் பக்கம் போகவில்லை. மாரி தலையைக் குனிந்துகொண்டார். புயல் வலையைக் கொண்டுபோனபோதுகூட நான் அழவில்லை, அப்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல். என் சட்டியைக் கவிழ்த்தவளின் குரல்தான். "யாரு வெளியாளு?" என்று சின்னப்பொண்ணு எழுந்து முந்தானையைச் செருகினாள். "கார்த்திகையிலருந்து அந்தாளு எங்க பாடுல வர்றாரு. நேத்து அஞ்சல பாடு, இன்னிக்கு என் பாடு. பாடுல கீற ஆளு எப்பிடிய்யா வெளியாளு ஆவாரு? அப்ப நாங்க வெச்ச பாடு பாடு இல்லியா?" பெரியதனக்காரர் மற்றப் பெரியவர்களைப் பார்த்தார். பாடு முறையை எதிர்த்துப் பேச அந்த ஊரில் யாருக்கும் நாக்கு வராது. ஓலை நறுக்கு பானைக்குள் விழுந்தது. நான் வலையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். "நூலு ஊறிப் பூடும், எழுந்திரு" என்று சின்னப்பொண்ணு அதட்டினாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. குலுக்கலில் எங்களுக்கு விழுந்த இடம், துபாஷி மாரியை அழுத்திய அதே சேற்றோரம். விழட்டுமே, பெயர் உள்ளே இருக்கிறது.

சாயங்காலம் ஒரு சட்டி நண்டு குழம்பு எடுத்துக்கொண்டு போய், அன்று அவள் பாடு என்பதால் சின்னப்பொண்ணிடம் கேட்டுக்கொண்டுதான், நண்டு துரையிடம் நடந்ததைச் சொன்னேன். பாடு என்பதால்தான் அவர் ஊர்க்காரர் ஆனார், அதனால்தான் எங்கள் பெயர் நின்றது என்றேன். அவர் ஒரு நண்டுக் காலை நிதானமாக உறிஞ்சினார். கண்ணில் நீர் வந்தது, மிளகாயாகவும் இருக்கலாம். பிறகு தலையை ஆட்டிச் சொன்னார்: "சர்தாண்டி. அப்ப நான் மீனுதான்."

முதல் இல்லாமல் தொழில் தொடங்கப் போகிற உங்களுக்கு நான் கண்டு சொல்வது இவ்வளவுதான்: தோள் பிசகும், தண்ணீர் விலை போகாது, வாசல் கைமாறும், ஆனால் எதிர்க்கடையில் நன்றாகச் சண்டை போடத் தெரிந்த ஒருத்தி மட்டும் அமைந்துவிட்டால் கடை எப்படியோ நின்றுவிடும்.